பன்னிரண்டாவது பிள்ளை



சென்ற ஆண்டு பிளஸ் டூ முடிவுகள் வந்திருந்த நேரம். ஒரு மாலை அஸர் தொழுகைக்குப் பின் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் மத்ரஸாவின் முன்திண்ணையில் அமர்ந்திருந்தேன். குரோம்பேட்டையில் செருப்புக் கடை நடத்தும் அன்பர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். (குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால்தான் என்பது புதிதாகக் குடியேறியவர்கள் பலருக்குத் தெரியாது. இவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்திற்குத் தோலோடுதான் பிழைப்பு.) பையன் என்னிடம் ஆறு ஆண்டுகள் ஓதியவன். அப்போது என் தோளுக்குக் கீழே இருந்தவன், இப்போது நிலைப்படியில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருகிறான். ஆறடி நான்கு அங்குலமாம். பின்னால் எட்டாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கையும் வந்திருந்தாள்.

தந்தையின் கையில் இரண்டு கல்லூரிகளின் காகிதங்கள் இருந்தன. பையன் கூடைப்பந்து ஆடுகிறவன். மாவட்டப் போட்டிகளில் பெயர் எடுத்தவன். அதனால் இரு இடங்களிலிருந்தும் விளையாட்டு ஒதுக்கீட்டில் அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று நகரத்தின் நடுவே பெயர்பெற்ற கல்லூரி. கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆனால் பன்னிரண்டு பேர் அடங்கிய அணியில் இவன் பன்னிரண்டாவது பிள்ளை. மற்றொன்று கூடுவாஞ்சேரிக்கு அப்பால் ஒரு சிறிய கல்லூரி. பாதிக் கட்டணம் கட்டவேண்டும், பெயரைச் சொன்னால் "அது எங்கே இருக்கிறது?" என்று நான்கு பேர் கேட்பார்கள். ஆனால் அங்குள்ள பயிற்சியாளர், முதல் ஆட்டத்திலிருந்தே களத்தில் இறக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"எதில் சேர்க்கட்டும் ஹஜ்ரத்? நீங்கள் சொன்னால் சரி" என்றார்.

பெரிய கல்லூரி என்று சொல்ல என் நாக்கு எழுந்தது. பெயர், மரியாதை, பணம் மிச்சம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் பையனின் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் அவகாசம் கேட்டு அனுப்பிவைத்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டதும், பழைய ஒரு காரியத்தை எண்ணி வருந்தியதும்தான் இந்த மாதக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்திற்கு ஐந்து பேரே களத்தில் நிற்கலாம். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடங்கள். பத்துப் பத்து நிமிடங்களாக நான்கு பகுதிகள். ஐந்தை நாற்பதால் பெருக்கினால் 200. ஓர் அணியின் கையில் ஓர் ஆட்டத்திற்கு இருப்பது இந்த இருநூறு நிமிடங்கள்தாம். பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்குப் பதினாறு நிமிடங்களும் நாற்பது விநாடிகளும் வரும். எந்தப் பயிற்சியாளரும் அப்படிப் பங்கிடுவதில்லை. நம்பிக்கைக்குரிய ஏழெட்டுப் பேர் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். எஞ்சியவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் அமர்ந்து கைதட்டுவார்கள். தோல்வியோ வெற்றியோ முடிவாகிவிட்ட பிறகு, கடைசி இரண்டு நிமிடங்களில் அவர்களை எழுப்பி அனுப்புவார்கள். வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடுவதற்குக்கூடச் சட்டம் இருக்கிறது. இந்த இருநூறு நிமிடங்களைப் பங்கிடப் பயிற்சியாளரின் மனம் ஒன்றுதான் சட்டம்.

இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் ஐரோப்பா. அங்கே நம் நாட்டைப்போலப் பள்ளி, கல்லூரி வழியாக வீரன் உருவாவதில்லை. பெரிய சங்கங்களே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் வைத்து, படிக்கவும் வைத்து வளர்க்கின்றன. பதினேழு பதினெட்டு வயதில் பிள்ளை வாசலுக்கு வந்து நிற்கிறான். அந்த வாசலுக்கு அப்பால் முதல் அணி. அதில் இருப்பவர்கள் முப்பது வயதைத் தொட்ட, பெருஞ்சம்பளம் வாங்கும், உலகெங்குமிருந்து வரவழைக்கப்பட்ட ஆண்பிள்ளைகள். ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீக்கில் 2025-26 பருவத்தில் இருபது அணிகள். ஒவ்வோர் அணிக்கும் முதற்சுற்றிலேயே 38 ஆட்டங்கள். அதே அணி தன் நாட்டு லீகிலும் ஆடவேண்டும். தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றால் பயிற்சியாளரின் வேலை போய்விடும். பல நாடுகளில் கடைசியிடம் வரும் அணி கீழ்ப்பிரிவிற்குத் தள்ளப்படும். இந்த நெருக்கடியில் நிற்கும் மனிதர், பதினெட்டு வயதுப் பையன் பிழை செய்து பழகுவதற்காகப் பத்து நிமிடங்களை ஒதுக்குவாரா? அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

சட்டம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் முதல்நிலை லீகில் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் உள்நாட்டவராக இருக்கவேண்டும். ஸ்பெயினில் நான்கு பேராவது அந்நாட்டின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்களாக இருக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தால் பெயரைப் பட்டியலில் சேர்க்க முடிகிறதே தவிர, ஆளைப் பெஞ்சிலிருந்து எழுப்ப முடியவில்லை. ஆகவே சில சங்கங்கள் வேறு வழி கண்டன. வளரும் பிள்ளையைச் சிறிய சங்கத்திற்கு ஓரிரு ஆண்டுகள் இரவலாகக் கொடுத்துவிடுகின்றன. "அங்கே போய் ஆடு, அடி வாங்கு, திரும்பி வா" என்பதுதான் அதன் பொருள். செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் மேகா என்றொரு சங்கம் உண்டு. இளைஞர்களைக் களத்தில் இறக்குவதையே அது தன் கொள்கையாக வைத்திருக்கிறது. நிகோலா ஜோகிச் அங்கே ஆடியவர்தான். 2014 இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. தேர்வில் நாற்பத்தொன்றாம் ஆளாகத் தேர்வான பிறகும் ஓடிவிடாமல், மேலும் ஓராண்டு அங்கேயே தங்கி, முழுநேரமும் ஆடி, ஏட்ரியாடிக் லீகின் சிறந்த வீரராகி, அதன் பிறகே கப்பலேறினார். பின்னாளில் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருது அவரைத் தேடி வந்தது.

பெரிய வீட்டிலேயே பிள்ளை வளர்வதும் உண்டு. சுலோவேனியாவின் லூகா டோன்சிச் பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டு ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் சங்கத்திற்கு வந்தார். 2015 ஏப்ரல் 30 அன்று, பதினாறு வயதும் இரண்டு மாதங்களும் நிறைந்த நிலையில், முதல் அணிக்காக இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாகக் களத்தில் நின்றார். கைக்கு வந்த முதற் பந்தையே தொலைவிலிருந்து கூடைக்குள் போட்டார். அந்த இரண்டு நிமிடங்கள் அடுத்த ஆண்டு பத்துக்கு மேலாயின. அதற்கடுத்த ஆண்டு இன்னும் கூடின. 2018 இல், பத்தொன்பது வயதில், யூரோலீக்கின் சிறந்த வீரர் அவர். இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் படிக்கட்டு. கதவை ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. ஆனால் ஒருபோதும் அடைக்கவும் இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் டோன்சிச் அல்லர். அதே ரியல் மாட்ரிட்டில் பின்னர் வளர்ந்த இருவரின் கதையைப் பாருங்கள். யூகோ கொன்சாலஸ் அங்கேயே தங்கி, குறைந்த நிமிடங்களோடு 2024-25 பருவத்தைக் கழித்தார். யெகோர் டியோமின் 2024 இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குச் சென்று முழுப்பருவமும் ஆடினார். 2025 ஜூன் மாத என்.பி.ஏ. தேர்வில் டியோமின் எட்டாவது, கொன்சாலஸ் இருபத்தெட்டாவது. இருவருமே தேர்வாகிவிட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும், உண்மைதான். ஆனாலும் ஐரோப்பியச் சங்கங்களில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது அணியணியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கிளம்புகிறார்கள். அங்கே பணமும் கிடைக்கிறது, நிமிடமும் கிடைக்கிறது. வளர்த்த வீட்டில் இலை போட்டும் சோறு விழாவிட்டால் பிள்ளை வேறு எங்கு போவான்?

எனக்கு மிகவும் பிடித்த செய்தி விக்டர் வெம்பன்யாமாவுடையது. பிரான்ஸ் நாட்டவர், ஏழடிக்கும் மேல் உயரம். 2021 இல் யூரோலீக்கில் ஆடும் அஸ்வெல் சங்கத்தில் இருந்தார். அடுத்த ஆண்டே அதைவிட்டு, பாரிசின் புறநகரான லெவல்லுவாவைச் சேர்ந்த மெட்ரோபாலிட்டன்ஸ் என்ற, யூரோலீக்கில் இல்லாத சங்கத்திற்குப் போனார். ஊரார் வியந்திருப்பார்கள். ஆனால் அங்கே அணியே அவரைச் சுற்றி அமைக்கப்பட்டது. அந்த ஓராண்டில் பிரெஞ்சு லீகின் சிறந்த வீரராகி, 2023 இல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக நின்றார். பாரிசின் மையத்திற்கும் லெவல்லுவாவிற்கும் உள்ள உறவு, நம் மவுண்ட் ரோட்டிற்கும் தாம்பரத்திற்கும் உள்ள உறவு போன்றதுதான் என்று எண்ணிக்கொண்டேன். புறநகர்க்காரனுக்கு இதில் ஒரு சின்ன மகிழ்ச்சி, மன்னியுங்கள்.

இதற்கு நேர்மாறானது டார்கோ மிலிசிச்சின் வரலாறு. செர்பியாவைச் சேர்ந்த இவர் பதினெட்டு வயதில், 2003 இல், என்.பி.ஏ.வின் இரண்டாவது ஆளாக டெட்ராய்ட் அணியால் எடுக்கப்பட்டார். முதல் ஆள் லெப்ரான் ஜேம்ஸ் என்றால், இவர்மீது எத்தனை நம்பிக்கை வைத்திருப்பார்கள் என்று புரியும். ஆனால் டெட்ராய்ட் அப்போதே வலுவான அணி. 2004 இல் வாகையும் சூடியது. மிலிசிச்சுக்கு அந்தப் பருவத்தில் கிடைத்தவை 34 ஆட்டங்கள். ஆட்டத்திற்குச் சராசரி ஐந்து நிமிடங்கள்கூட இல்லை. கழுத்தில் வெற்றிப் பதக்கம், கையில் பந்து இல்லை. அதன் பிறகு பல அணிகள் மாறியும் அவர் எழவில்லை. இப்போது தாயகத்தில் பழத்தோட்டம் வைத்து வேளாண்மை செய்கிறார். நிமிடம் கிடைத்திருந்தால் சிகரம் தொட்டிருப்பார் என்று சத்தியம் செய்ய என்னால் இயலாது. தொட்டிருப்பாரா என்பதை அறியும் வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது என்பதுதான் துயரம்.

நம் நாட்டிற்கு வருவோம். பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில், விவசாயியின் மகனாகப் பிறந்த சத்நாம் சிங், ஏழடி இரண்டங்குலம். லூதியானாவின் கூடைப்பந்துப் பயிற்சியகத்தில் பயின்று, 2010 இல் பதினான்கு வயதில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிற்கு அனுப்பப்பட்டார். 2015 ஜூன் மாதம் டல்லாஸ் அணி அவரை 52ஆம் ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது, இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் மனிதர் என்று நாடே கொண்டாடியது. கொண்டாடிய நாம் அதன் பிறகு அவரைத் தேடவில்லை. அவர் டல்லாஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் வைக்கப்பட்டார். அங்கும் சில ஆட்டங்கள், அவற்றிலும் சில நிமிடங்கள். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் கால் படவில்லை. பின்னர் தொழில்முறை மல்யுத்த அரங்கிற்குப் போய்விட்டார். நூறு கோடி மக்களின் பெருமையைத் தோளில் சுமந்த பிள்ளைக்கு, ஆடிப் பழக ஒரு சின்னக் களம் இல்லை.

கூடைப்பந்து வேண்டாம், கிரிக்கெட்டில் சொல்லுங்கள் என்பவர்களுக்கு நம் கோயம்புத்தூர் நாராயண் ஜெகதீசன் இருக்கிறார். 2018 இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை எடுத்தது. முதல் ஆட்டம் ஆட 2020 வரை காத்திருந்தார். ஐந்து பருவங்களில் மொத்தம் ஏழே ஆட்டங்கள். விக்கெட் காப்பாளராக முன்னால் தோனி நிற்கும்போது அணியைக் குறைசொல்லவும் வழியில்லை. 2022 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே போட்டியில் தமிழ்நாட்டிற்காகத் தொடர்ந்து ஐந்து சதங்கள். ஐந்தாவது, நவம்பர் 21 அன்று அருணாச்சலப் பிரதேசத்திற்கு எதிராக 141 பந்துகளில் 277; ஐம்பது ஓவர் முதல்தர ஒருநாள் ஆட்டங்களில் அன்றைக்கு அதுவே உலகச் சாதனை. எதிரணி எளியது என்பார்கள். எளிய அணியை எதிர்த்து இருநூற்றெழுபத்தேழு எடுத்த இன்னொருவரைக் காட்டுங்கள். 2025 இல் இங்கிலாந்தில் இந்திய டெஸ்ட் அணியின் குழுவிலும் அழைத்துச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பெஞ்சில் இருந்த ஆண்டுகளில் அவர் கற்றதும் வீண் அல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் மாநிலத்திற்காக ஆடும் இன்னொரு களம் இருந்தபடியால்தான் கற்றதை வெளியே எடுக்க முடிந்தது. சத்நாமுக்கு இல்லாமற்போனது அதுதான்.

தமிழ்நாட்டில் கூடைப்பந்து புதிய ஆட்டம் அல்ல. 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் உண்டாக்கிய இவ்விளையாட்டு, ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாகச் சென்னைக்கு வந்தது. 1920 இல் ஹாரி பக் இங்கே தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி அதை வேரூன்றச் செய்தது. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணிதான் வாகை சூடியது. நம் சமுதாயப் பிள்ளையான முயின் பேக் ஹஃபீஸ் இந்திய அணிக்காக ஆடியவர். ஆனால் இங்கே நீண்டு நிலைத்த தொழில்முறை லீக் இல்லை. வங்கி, ரயில்வே, சுங்கத்துறை போன்ற நிறுவன அணிகளே வீரனின் புகலிடம். வேலை கிடைத்தவர் உடம்பு இடம்கொடுக்கும் வரை ஆடுவார். அது அவர் உரிமை. அதனால் பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு நிமிடம் தரக்கூடிய இடம் கல்லூரி அணி ஒன்றுதான். அந்த நான்கு ஆண்டுகளையும் பெஞ்சில் கழித்தவனை எந்த நிறுவனம் அழைத்து வேலை கொடுக்கும்?

இதை எழுதும்போது அந்தத் தங்கை கேட்டது நினைவுக்கு வருகிறது. அண்ணனைப் பற்றிய பேச்செல்லாம் முடிந்த பிறகு, மெல்லிய குரலில் கேட்டாள்: "ஹஜ்ரத், ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பெரிய போட்டியில் ஆடவிடுவார்களா?" அவளும் பள்ளி அணியில் இருக்கிறாளாம். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் பில்கிஸ் அப்துல் காதிரை அறிந்தேன். கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்த முஸ்லிம் பெண். பள்ளி நாட்களில் 3,070 புள்ளிகள் எடுத்து மாசசூசெட்ஸ் மாநிலச் சாதனை படைத்தவர். தலையை மூடியபடியே அமெரிக்கக் கல்லூரிகளின் முதற்பிரிவில் ஆடிய முதல் பெண். கல்லூரி முடிந்ததும் ஐரோப்பாவிற்குச் சென்று தொழில்முறையில் ஆட விரும்பினார். சர்வதேசக் கூட்டமைப்பின் விதி தலைத்துணியைத் தடுத்தது. பயிற்சியாளரின் மனம் அல்ல, விதிப்புத்தகமே அவருக்குச் சுழிய நிமிடங்களைக் கொடுத்தது. அதே 2014 இல் தென்கொரியாவின் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் நாட்டுப் பெண்கள் அணி, தலைத்துணியைக் கழற்ற மறுத்துக் களத்தைவிட்டே வெளியேறியது. பில்கிஸும் அவரைப் போன்றோரும் விடாமல் போராடியதன் பின் 2017 இல் அவ்விதி நீக்கப்பட்டது. அதற்குள் பில்கிஸின் ஆடும் பருவம் கடந்திருந்தது. ஆகவே, மகளே, சர்வதேச விதி இன்று உன்னைத் தடுக்காது. ஆனால் பிரான்ஸ் நாட்டுக் கூட்டமைப்பு 2022 இல் தன் போட்டிகளில் மீண்டும் தடை விதித்தது. அந்நாட்டின் டியாபா கொனாத்தே என்ற வீராங்கனை, அமெரிக்கக் கல்லூரியில் ஆட முடிந்தவர், சொந்த நாட்டில் ஆட முடியாமல் நின்றார். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

சென்னையின் அனிதா பால்துரையைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். பத்தொன்பது வயதிலேயே இந்தியப் பெண்கள் அணியின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021 இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த வயதுப் பெண்ணிடம் நாட்டின் அணியை நம்பிக் கொடுக்க யாரோ ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது.

இங்கேதான் என் பழைய காரியத்தைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், புறநகரில் ஒரு பள்ளிவாசல், பெயர் வேண்டாம். என்னிடம் ஓதிய பையன் ஒருவன் பதினைந்து வயதில் குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து முடித்திருந்தான். ரமளான் நெருங்கியது. தராவீஹ் தொழுகைக்கு யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தது. வெளி மாநிலத்திலிருந்து குரல்வளம் மிக்க ஹாஃபிழ் ஒருவரை அழைக்கலாம் என்றனர். "நம் பையனுக்கு இரண்டு ரக்அத்தாவது கொடுக்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "திக்கினால் கூட்டம் முகம் சுளிக்கும், நன்கொடை பாதிக்கும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உஸ்தாத், என் ஒரு வார்த்தை போதும். "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றேன்.

பையன் அந்த ரமளான் முழுவதும் கடைசி வரிசையில் நின்றான். அடுத்த ஆண்டு வந்தபோது அவன் பல்லாவரத்தில் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவான். மனனம் செய்த குர்ஆன், ஓதிக்கொண்டே இருந்தால்தான் நெஞ்சில் தங்கும். சென்ற முறை கண்டபோது, "பாதிக்கு மேல் நழுவிவிட்டது ஹஜ்ரத்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய சங்கத்துப் பயிற்சியாளருக்காவது வேலை போய்விடும் என்ற அச்சம் உண்டு. எனக்கு என்ன அச்சம்? இரண்டு நிமிடத் திக்கலுக்கு அஞ்சினேன்.

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களின் வரலாற்றை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். இருபது வயதும் நிறையாத இளைஞரை நபி (ஸல்) அவர்கள் படைத்தலைவராக நியமித்தபோது, மூத்த தோழர்கள் பலர் அந்தப் படையில் சாதாரண வீரர்களாக நின்றார்கள். வயதைக் காட்டி முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். நபிகளாரின் மறைவிற்குப் பின், தலைவரை மாற்றலாமே என்று சொன்னவர்களுக்கு அபூபக்ர் (ரலி) அவர்கள் செவிசாய்க்கவில்லை. வாகனத்தில் அமர்ந்திருந்த உஸாமாவோடு தாம் நடந்து சென்று வழியனுப்பினார்கள். பாடம் நடத்தும்போது நான் அழுத்திச் சொல்லும் இடம் அது. நடத்திய பாடத்தை நானே எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தந்தையும் மகனும் வந்தார்கள். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. சில கேள்விகளைக் கேட்டுவரச் சொன்னேன். பெரிய கல்லூரியில் இவன் இடத்தில் ஆடும் மூத்த மாணவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்த ஆண்டு வெளியேறுகிறார்கள்? இரண்டாவது அணி ஒன்று உண்டா, அது மாவட்ட லீகில் ஆடுகிறதா? சென்ற ஆண்டு முதலாண்டு மாணவன் எவனாவது பத்து நிமிடங்கள் ஆடினானா? சிறிய கல்லூரியில், இறக்குகிறேன் என்று சொன்ன பயிற்சியாளர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா? ஆடுகளம் தரமானதா, முழங்கால் தாங்குமா? படிப்பு எப்படி? பெயரைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். அதை ஊரே சொல்லிவிடும்.

பெரிய கல்லூரியில் விடை நேர்மையாகவே வந்தது: முதல் இரண்டு ஆண்டுகள் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாவது அணி இல்லை. பையன் அதைக் கேட்டுவிட்டு, கூடுவாஞ்சேரிப் பக்கமே போகிறேன் என்றானாம். தந்தைக்கு இன்றுவரை மனக்குறைதான். பாதிக் கட்டணம் என்றாலும் செருப்புக் கடையில் அது சிறு தொகையன்று. பையன் காலில் அடிபட்டுக்கொண்டால், பயிற்சியாளர் வேறிடம் போய்விட்டால், என் பேச்சைக் கேட்டது தவறு என்று ஆகிவிடும். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் அவர் கடையைக் கடந்து போகும்போது சற்று வேகமாகவே நடக்கிறேன்.

கடந்த ரமளானில் எங்கள் மஹல்லாவில் முதல் நான்கு ரக்அத்களை மூன்று பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுத்தோம். ஒருவன் இரண்டாம் இரவிலேயே திக்கினான். பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன், தொடர்ந்து ஓதினான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நன்கொடையும் குறையவில்லை. செல்போன் கடைப் பையனையும் அழைத்துப் பார்த்தேன். வரவில்லை.

சென்ற வாரம் தந்தை மறுபடி வந்திருந்தார். பையனின் அணி அன்று பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்ததாம். முப்பத்தொரு நிமிடங்கள் ஆடினானாம். பந்தை ஐந்து முறை எதிரியிடம் பறிகொடுத்தானாம். எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறானாம்.

"தோற்றுவிட்டு வருகிறான் ஹஜ்ரத்," என்றார், பாதி வருத்தமும் பாதி வியப்புமாக. "வாசலில் ஷூவைக்கூடக் கழற்றாமல், அவன் அம்மாவிடம் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்!"